ஆளுக்கு ஒரு பை

தோக்கியோ
2024 அக்டோபர் 6

மிசாவோவுக்கு,

நேற்று பேச்சின் நடுவில் போனை வைத்துவிட்டாய். மறுபடி அடித்தபோது மாப்பிள்ளை எடுத்தார். "அவ மாட்டுக் கொட்டாய்ல இருக்கா" என்றார். பொய் சொல்லிப் பழகாத மனுஷன். பின்னாலிருந்து நீ "இல்லேன்னு சொல்லுங்க" என்றது எனக்கே கேட்டது. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுநாள் எடுத்துப் படிக்கலாம் அல்லவா.

விஷயம் இதுதான். நடுநிலைப் பள்ளி வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் ஒகினாவாப் போர் பற்றிய பக்கம் என் பொறுப்பு. அதில் நம் தீவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். எதிரிப் படை நம் கரையில் இறங்கவே இல்லை. ஆனாலும் 1945 வசந்த காலத்தில் நம் இராணுவம் ஊரையே எதிர்த்தீவின் மலேரியாக் காட்டுக்கு விரட்டியது. வாளைக் காட்டி விரட்டியது. ஊரில் மூன்றில் ஒருவர் காய்ச்சலில் செத்தார்கள். எழுதியது அவ்வளவுதான், ஆறு வரி.

கல்வி அமைச்சின் பாடப்புத்தகப் பரிசோதகர்களிடமிருந்து குறிப்பு வந்திருக்கிறது: "மாணவர்கள் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு." எதை எப்படித் திருத்த வேண்டும் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். அவர்கள் மனதில் இருப்பதை நாமே கண்டுபிடித்து, நாமே எழுதி, நாமே விரும்பி எழுதியதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

பதிப்பகத்துக் குராமொச்சி நல்லவர்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வாளையும் கட்டளையையும் எடுத்துடுங்க சார். ஜனங்க இடம் மாறிப் போனாங்க, நோய்ல செத்தாங்கன்னு விட்டா தாண்டிடும். அது முடியாதுன்னா, உயிரோட இருக்கிற சாட்சி ஒருத்தரு வேணும். பேரோட, படத்தோட. அதை ஓரமா ஒரு கட்டத்துல போடலாம்."

அப்போது நினைவு தெரிந்த வயதில் இருந்தவர்களில் இன்று பேசக்கூடியவர் நம் ஊரில் யார்? அம்மா ஒருத்திதான். அவளுக்கு அப்போது பதினொரு வயது. பக்கத்தில் உட்கார்ந்து கேள், மிசாவோ. போனில் பதிவு செய்து அனுப்பு. நவம்பர் கடைசிக்குள் வேண்டும்.

எய்ஷோ

*

தீவு
அக்டோபர் 17

அண்ணாவுக்கு,

இத்துடன் கரும்பு வெல்லம் அனுப்பியிருக்கிறேன். இந்த வருஷம் பாகு கொஞ்சம் கசப்பு. அண்ணி குறை சொல்லாமல் போட்டுக்கொள்ளட்டும்.

நீ கேட்டது முடியாது.

அந்த வருஷத்தைப் பற்றி அம்மா என்னிடம் பேசியதே கிடையாது. நான் கேட்டதும் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவளுக்குத் தெரிகிற விஷயங்கள். கொசு ஒன்று காதருகில் பாடினால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பிறகு விடியும்வரை படுக்க மாட்டாள். மாடு அறுப்புக்குப் போகிறது என்று அவள் காதில் போட மாட்டோம். கன்று வளர்க்க வாங்கிப் போகிறார்கள் என்போம். இவர் இத்தனை வருஷமாகத் தன் தொழிலையே மாமியாரிடம் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பாவம்.

அம்மாவுக்குத் தொண்ணூறு நடக்கிறது. அவள் இந்த வீட்டில், இந்தப் பாயில், அந்தக் காட்டுக்கு இன்னொரு தடவை போகாமல் கண்ணை மூட வேண்டும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுப்புத் தெய்வத்தின் முன்னால் உப்பும் தண்ணீரும் வைத்து நான் கேட்பது இது ஒன்றைத்தான். வேறு எதுவும் கேட்டு அதைத் தொந்தரவு செய்வதில்லை.

தாகெருவையும் நினைத்துப் பார். என் பிள்ளை பெரிய தீவு முகாமில் ஏவுகணை வண்டி ஓட்டுகிறான். பாட்டியின் படமும் பேரும் புத்தகத்தில் வந்தால் கூட இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? "உங்க பாட்டி நம்மளத்தான் திட்டுறாங்க போல" என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே சோறு தின்ன வேண்டும்.

உனக்கு அது ஆறு வரி. எனக்கு, பக்கத்து அறையில் மூச்சுவிடுகிற மனுஷி.

மிசாவோ

*

தோக்கியோ
நவம்பர் 3

மிசாவோவுக்கு,

வெல்லம் வந்தது. கசக்கவில்லை. உன் கடிதம்தான் கசந்தது.

உன் மகன் போட்டிருக்கும் உடுப்புக்காக அம்மாவின் வாயைப் பொத்துகிறாய். அதற்குப் பக்தி என்று பேர் வைத்திருக்கிறாய். அடுப்புத் தெய்வமென்று சாம்பல் சட்டியின் முன் கைகூப்பினால் நடந்தது நடக்காததாகிவிடுமா? பரிசோதகர்கள் அழிப்பானை எடுக்கிறார்கள், நீ ஊதுபத்தியை எடுக்கிறாய். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

நம் தீவுகளில் மறுபடி படைமுகாம் வருகிறது, மறுபடி மக்களை வெளியேற்றத் திட்டம் போடுகிறார்கள். இந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு இது தெரியாவிட்டால் எப்போது தெரியும்? அம்மா செத்த பிறகு யாரிடம் கேட்பது?

கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு தடவை கேட்டுப் பார்.

எய்ஷோ

*

தீவு
நவம்பர் 12

அண்ணாவுக்கு,

உடுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். இரண்டு வருஷத்துக்கு முந்தின புயலில் கூரை பறந்தபோது யார் வந்தது? அந்த உடுப்புதான் வந்தது. இடுப்பளவு சேற்றில் நின்று ஓடு எடுத்துக் கொடுத்தது. உன்னிடமிருந்து வந்தது "ஜாக்கிரதை" என்று ஒரு வரி. அம்மாவை இருபது வருஷமாகக் குளிப்பாட்டுகிற கைக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம்.

இதையும் தெரிந்துகொள். வெளியேற்ற ஒத்திகை இங்கே வரப் போகிறது. டிசம்பர் முதல் தேதி. ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். டவுனாபீஸிலிருந்து வந்த பையன் மீசை முளைக்காதவன், படம் காட்டினான். போர் வரும்போல் இருந்தால் படகில் பெரிய தீவுக்கு, அங்கிருந்து விமானத்தில் கியூஷூவுக்கு. ஆளுக்கு ஒரு பை. எத்தனை நாளைக்கு என்று கேட்டால், "அது நிலவரத்தைப் பொறுத்ததுங்க."

இவர் எழுந்து, "மாடு?" என்றார்.

"மாடு விஷயம் ஆலோசனையில இருக்குங்க."

"யாருகூட ஆலோசிக்கிறீங்க? மாட்டுக்கிட்டயா?"

கூடமே சிரித்தது. கடைசி வீட்டு ஹருயே அக்கா விடவில்லை. "தம்பி, மூதாதையர் பேரு எழுதின சாமிப் பலகை பைக்குள்ள வரணுமா, வெளிய கையில எடுத்துக்கலாமா?"

"ஒரு பைதாங்க பாட்டி."

"அப்ப எங்க மாமனாரும் என் உள்பாவாடையும் ஒரே பையிலயா? உயிரோட இருந்தப்பவே அவருக்கு என்னக் கண்டா ஆகாது!"

சிரித்துக்கொண்டேதான் கலைந்தோம். வாசலில் செருப்பு மாட்டும்போது ஹருயே அக்காகூடத் தலையை நிமிர்த்தவில்லை.

அம்மாவுக்கு இது தெரியவே கூடாது. அந்தப் பையனிடம் தனியாகச் சொல்லி, அவள் பேரை ஒத்திகையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். தலையாட்டினான். அம்மாவுக்குக் காதும் மந்தம். அன்றைக்கு ஜன்னல் பலகைகளை இழுத்து மூடி, தொலைக்காட்சியில் பழைய சுமோப் பந்தயம் எதையாவது சத்தமாக வைத்துவிடுவேன். மாலைக்குள் முடிந்துவிடும்.

மிசாவோ

*

தோக்கியோ
டிசம்பர் 1

மிசாவோவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். அம்மாவை யாரும் இனித் தொந்தரவு செய்யப் போவதில்லை.

முந்தாநாள் கெடு முடிந்தது. எங்கள் குழுவில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான் பிடிவாதம் பிடித்தால் புத்தகம் முழுவதும் தேறாது. மற்றவர்கள் எத்தனையோ வருஷமாக உழைத்த பக்கங்கள். ஓர் இளம் ஆசிரியை மட்டும் என்னைப் பார்த்தபடி இருந்தாள். மற்றவர்கள் தேநீரைப் பார்த்தார்கள்.

புது வாக்கியத்தை நானேதான் எழுதினேன். "போரின் இறுதியில் தெற்குத் தீவுகளின் மக்கள் இடம் பெயர்ந்தனர், அங்கே பரவிய மலேரியாவில் பலர் இறந்தனர்." யார் அனுப்பினார்கள் என்று இதில் இல்லை. ஏதோ பழம் பறிக்கப் போய்க் கொசுக்கடி பட்டவர்கள் போல இருக்கிறது. குராமொச்சி படித்துவிட்டு, "ரொம்ப நல்லா வந்திருக்கு சார்" என்றார். பாராட்டுகிறோம் என்றுதான் அந்த மனிதர் நினைத்தார்.

ஊதுபத்தியைப் பற்றி எழுதியதற்கு மன்னித்துவிடு. அழிப்பானை எடுத்தது நான்தான்.

ஒத்திகை இன்றைக்குத்தான் இல்லையா. அமைதியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எய்ஷோ

*

தீவு
டிசம்பர் 2

அண்ணாவுக்கு,

நேற்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் தூறல். அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து, சுமோவை வைத்துவிட்டு, நானும் இவரும் துறைமுகத்துக்குப் போனோம். கம்பத்து ஒலிபெருக்கிகளைப் புதுசாக மாற்றியிருந்தார்கள், அது எனக்குத் தெரியாது. அவ்வளவு சத்தம். "இது ஒத்திகை" என்று முதலில் ஒரு தடவை சொன்னார்கள். அதன் பிறகு, "மக்கள் அனைவரும் ஆளுக்கு ஒரு பையுடன் துறைமுகத்துக்கு வரவும்" என்பது மட்டும் திரும்பத் திரும்ப. மந்தக் காதுக்கு எந்தப் பாதி கேட்கும்?

ஓடி வந்தேன். அம்மா இல்லை. கொட்டாயில் சினை மாடும் இல்லை. ஈர மண்ணில் குளம்படி கோயில் காட்டுப் பக்கம் போயிருந்தது.

முதியவர்களைத் தூக்க முகாமிலிருந்து வந்தவர்களில் தாகெருவும் இருந்தான். அவனைத்தான் என்னோடு அனுப்பினார்கள். கல் வாசல்வரை இருவரும் ஓடினோம். அங்கே அவன் நின்றுவிட்டான். நம் ஊர் ஆண்பிள்ளை எவன் அதைத் தாண்டினான்? தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். உள்ளே, பலிபீடத்துக்குப் பின்னால், குபா பனைகளுக்கு நடுவே மாட்டின் முதுகு தெரிந்தது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மா.

"பாட்டி, நான்தான். தாகெரு."

அம்மா மாட்டின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"வெளிய வாங்க பாட்டி. ஒண்ணுமில்ல. சும்மா பழகிப் பாக்குறாங்க."

"யாருன்னு சொன்னீங்க?" என்றாள் அம்மா. அவனை நீங்க என்றாள், அண்ணா. இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளையை.

"தாகெரு பாட்டி. மிசாவோ பையன்."

"அது உங்க சொந்தப் பேருங்களா? வாத்தியாரும் ஒரு பேரு சொல்லிக்கிட்டுத்தான் வந்தாரு. எங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தாரு. எனக்குப் பென்சில் குடுத்தாரு. அப்பறம் ஒருநாள் உடுப்பு போட்டுக்கிட்டு வாளோட வந்து நின்னாரு. அவரு வாத்தியாரே இல்லையாம். அந்தப் பேரும் பொய்யாம்."

தாகெரு என்னைப் பார்த்தான். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

"என் பேரு நாபி, ஐயா. கிணத்து வீட்டுப் பொண்ணு. எங்கப்பாவ அவரு மாட்ட அவரு கையாலயே வெட்ட வச்சீங்க. எதிரிக்குப் போயிடக் கூடாதுன்னு சொன்னீங்க, கறிய உப்பு போட்டு நீங்கதான் ஏத்திக்கிட்டுப் போனீங்க. அதுல ஒண்ணு சினை. வயித்துக்குள்ள இருந்தது வெளிய வந்து காலை ஆட்டிச்சு. இதுவும் சினைங்கய்யா. இது ஒண்ண மட்டும் விட்டுருங்க. நான் வந்துடறேன். பை கொண்டாந்திருக்கேன். காட்டுக்கு வரேன்."

"மாட்ட யாரும் தொட மாட்டாங்க பாட்டி."

"தம்பி அங்க தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தான். அம்மாவுக்கும் காய்ச்சல், எந்திரிக்க முடியல. நான் வாழைமட்டைய நெத்தியில வச்சேன். காலையில ரெண்டு பேரும் பேசல. தோண்ட ஆளில்ல, கரையில மணலத் தள்ளி மூடினோம். நான் அழலைங்கய்யா. அழுதா அடிப்பாருன்னு தெரியும், நான் அழவே இல்ல. வேணும்னா வாத்தியாரக் கேட்டுப் பாருங்க."

தாகெருவின் தோளில் இருந்த கருவி கரகரத்தது. அவன் அதிகாரியின் குரல். "ஆள் கிடைச்சாச்சா?"

"கிடைச்சாச்சு சார்."

"அப்ப கூட்டிட்டு வா. படகு நிக்குது."

"முடியாது சார். உள்ள ஆம்பளைங்க போகக் கூடாது."

"என்னது?"

அவன் கருவியை அணைத்துவிட்டு, ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், சின்ன வயதில் அடி வாங்கினால் உட்காருவானே அப்படி.

நான்தான் உள்ளே போய்க் கூட்டி வந்தேன். அம்மா முழுக்க நனைந்திருந்தாள். எதிர்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் துணிப்பையில் அரிசி, உப்பு, காகிதத்தில் மடித்த அடுப்புச் சாம்பல். என் அடுப்புத் தெய்வத்தின் சாம்பல். அம்மாவைப் பெற்றவள் அன்றைக்கு அதைத்தான் காட்டுக்கு எடுத்துப் போயிருக்க வேண்டும்.

நீ கேட்டாயே, இதோ. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அம்மாவின் பேரைப் போடு. படமும் வைத்திருக்கிறேன். இவ்வளவு நாள் நான் மூடிக் காத்ததை ஒரு ஒலிபெருக்கி திறந்துவிட்டது. இனி யாருக்காக மூடி வைப்பது? தாகெருவைக் கேட்டேன். "போடச் சொல்லும்மா" என்றான். சொல்லிவிட்டுப் படகேறிப் போனான்.

கெடு தாண்டிப் போயிருந்தாலும் கெஞ்சிப் பார், அண்ணா. நீ என்னிடம் கெஞ்சினாயே, அப்படி.

மிசாவோ

*

தோக்கியோ
டிசம்பர் 10

மிசாவோவுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. என் கடிதம் இதற்குள் உன் கையில் இருக்கும். நீ அதைப் படித்த நேரத்தை நினைத்து இங்கே இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

கெஞ்சினேன். குராமொச்சி உன் கடிதத்தை நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன வாரம் வந்திருக்கக் கூடாதா சார்" என்றார். திருத்தியதை மறுபடி திருத்த வழி கிடையாதாம். நாங்களே விரும்பிச் செய்த திருத்தம் அல்லவா. அடுத்த பதிப்பு வர நாலு வருஷம் ஆகும்.

எனக்கு வாத்தியார் வேலை கிடைத்த அன்று நினைவிருக்கிறதா? அப்பா சாராயம் வாங்கி வந்தார், நீ சிவப்பரிசிச் சோறு ஆக்கினாய். அம்மா கொல்லைப்பக்கம் போனவள் வரவே இல்லை. மகன் படித்து மேலே வந்தது பிடிக்காத தாய் என்று நாற்பது வருஷம் மனதில் வைத்திருந்தேன். ஊருக்கு வருவதைக் குறைத்ததும் அதனால்தான். ஊருக்கு வரும்போதெல்லாம், "வாத்தியாரே, சாப்பிட்டீங்களா?" என்பாள். கிண்டல் என்று நினைத்திருந்தேன்.

முதல் மாதம் பதினாறாம் நாளுக்கு, செத்தவர்களின் புத்தாண்டுக்கு, வருகிறேன். கல்லறை முன் அம்மாவின் பக்கத்தில் உட்காருகிறேன். போர் முடிந்துவிட்டது என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டாமா?

எய்ஷோ

*

தீவு
2025 பிப்ரவரி 14

அண்ணாவுக்கு,

நீ பெரிய தீவுத் துறைமுகம்வரை வந்து திரும்பியதை டிக்கெட் கொடுக்கிற பெண் சொன்னாள். அலைக்கு நீ என்ன செய்வாய்? மாசியில் நம் படகு ஓடாதது புதுசா? பெஞ்சில் முழுநாள் உட்கார்ந்திருந்தாயாம். அவளே உனக்கு மீன்வடை வாங்கிக் கொடுத்தாளாம். உன்னைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

நீ நேரில் பார்த்திருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

டிசம்பரிலிருந்து அம்மா காலையில் பாயைச் சுருட்டி, பையைக் கட்டி, வாசற்படி உள்பக்கம் உட்கார்ந்துவிடுகிறாள். அவிழ்த்து வைத்தால் மறுபடி கட்டுகிறாள். செவிலி அதற்கு ஒரு நோயின் பேர் சொல்லி மாத்திரை கொடுத்தாள். மாடு கன்று போட்டது, பெட்டை. பார்க்க வரச் சொன்னேன். "அது படைக்காரங்க மாடு, நான் தொடக் கூடாது" என்றாள். தாகெரு விடுப்பில் சாதாரணச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். அவன் குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தான். வேலையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போர் முடிந்துவிட்டது என்று சொல்ல வருவதாக எழுதியிருந்தாய். யார் சொன்னால் நம்புவாள்? நீ வாத்தியார். என் பிள்ளை உடுப்புக்காரன். ஒலிபெருக்கி தினமும் மாலையில் பாட்டுப் போட்டு, பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்கிறது. அதைக் கேட்டதும் எழுந்து நிற்கிறாள்.

நேற்று கல்லறையில் காற்று பலம். ஊரே வந்திருந்தது. பன்றிக்கறியும் மீன்கட்டியும் மோச்சி அரிசி உருண்டையும் பெட்டி பெட்டியாக விரித்தோம். பக்கத்துக் கல்லறையில் ஹருயே அக்கா மாமனாருக்குச் சாராயம் ஊற்றி, "குடிச்சிட்டுப் பேசாம படுங்க" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். சன்ஷின் நரம்பிசை கேட்டது. நானும் கொஞ்சம் சிரித்தேன். செத்தவர்களின் செலவுக்கென்று காகிதப் பணத்தைக் கொளுத்தி, அவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். உனக்குத் தெரியும், அந்தக் காட்டில் போனவர்களின் எலும்பு எதுவும் உள்ளே இல்லை. அப்பா எதிர்க்கரையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த மணல்தான் இருக்கிறது.

அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு பேர்களைக் கேட்டாள். பிறகு என் சட்டை ஓரத்தை, சின்னப் பிள்ளை இழுப்பது போல இழுத்தாள்.

"இவங்க பேரெல்லாம் குடுத்தாச்சா?"

"யாருக்கும்மா?"

"டவுனாபீஸ் பையனுக்கு. போன தடவை இவங்கள அங்கயே விட்டுட்டு நான் மட்டும் வந்துட்டேன். இந்தத் தடவை சேத்துக் கூட்டிட்டுப் போகணும். தம்பிக்கு நீந்தத் தெரியாது, படகு கரைக்குக் கிட்ட வரணும்னு சொல்லு."

இவர் எழுந்து கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்தேன். தெய்வத்தின்மேல் ஆணையாகச் சொல்வது போலத்தான் சொன்னேன். "நாம யாரும் எங்கயும் போகப் போறதில்லம்மா. இங்கயேதான் இருக்கப் போறோம்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை. என்மேல் இரக்கப்பட்டவள் போல இருந்தாள்.

"வாத்தியாரும் மொதல்ல அப்படித்தான் சொன்னாரு" என்றாள். சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து மோச்சி ஒன்றை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மிசாவோ